எனக்கென்று இடித்த எள்ளுப்பாகு

சுருவில் ஊரில் எங்கள் வீட்டில் எள்ளுப்பாகு இடிப்பது என் வேலை. தின்பது அண்ணனின் வேலை. வறுத்த எள்ளையும் உழுத்தம்மாவையும் பனங்கட்டியோடு உரலில் போட்டு, எள்ளிலிருந்து எண்ணெய் கசிந்து எல்லாம் ஒன்றாகத் திரளும்வரை இடிக்க வேண்டும். பிறகு அடுப்பே தேவையில்லை. தட்டில் அழுத்தித் துண்டு போட்டால் முடிந்தது. யாழ்ப்பாணத்தில் விடுதியில் தங்கிப் படித்த அண்ணனுக்கு அது பால்மாத் தகரப் பேணியில் அடைத்துப் போகும். உலக்கையில் ஒட்டியதை நான் வழித்து நக்கினாலும் அம்மாவுக்குப் பொறுக்காது.

“அது கொண்ணனுக்கு. படிக்கிற பிள்ளைக்குச் சத்து வேணும்.”

நானும்தான் படித்தேன். அவனைவிட நன்றாகவே படித்தேன்.

நான் பெரியபிள்ளையானபோதுதான் முதன்முதலாக எனக்கென்று ஒரு தட்டு வந்தது. அன்று உலக்கையை அம்மாவே பிடித்தார்.

“வடிவாச் சாப்பிடு பிள்ளை. இடுப்புப் பலமா இருக்க வேணும்” என்று ஊட்டாத குறையாகத் தந்தார். நான் தெம்போடு பள்ளிக்குத் திரும்பத்தான் இந்தக் கவனிப்பு என்று நினைத்து, மடைச்சி மாதிரி அத்தனையையும் தின்றேன்.

தீட்டுக் கழிந்த பின் வந்த திங்கட்கிழமை, பள்ளிக்குப் போட வெள்ளைச் சட்டையைத் தேடினேன்.

“பள்ளிக்கூடம் போனது காணும், இனிப் போக வேண்டாம்” என்று அம்மா என் கையில் குடத்தைத் தந்தார்.

எங்கள் கிணறு உவர். நல்ல தண்ணீர்க் கிணறு வயல்களுக்கு அப்பால் இருந்தது. நிறைகுடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு திரும்பி நடந்தேன். அம்மா பொய் சொல்லவில்லை. இடுப்பு பலமாகத்தான் இருந்தது.