பெருநகர்க் கிணறும் மணிலா நிலவரமும்

அறுபதுகளின் தொடக்கத்தில் சென்னை நாளிதழ் ஒன்றுக்கு நான் உத்திரமேரூர் நிருபர். அச்சில் ஏறும்படியான சம்பவங்கள் எங்கள் பக்கம் எப்போதாவதுதான் நடக்கும். வாரம் தவறாமல் நடந்தது சந்தை. ஆகவே வாரம் தவறாமல் அச்சேறிய என் ஒரே படைப்பு, வட்டார மணிலா நிலவரம். நிலக்கடலையை அங்கே மணிலா என்பார்கள்.

அதற்கு ஒரு தீவிர வாசகர் இருந்தார். பக்கத்தில் பெருநகர் என்ற கிராமத்தில் நிலமும் கிணறும் உள்ளவர். மாமனார் வழியில் ஓர் எண்ணெய் மில்லின் பங்குகள் அவருக்கு வந்திருந்தன. அவற்றை விற்றால் கிணற்றுக்கு மின்சார மோட்டார் வைக்கலாம். மின்கம்பம் வரப்பு வரைக்கும் வந்துவிட்டது. மாடு கட்டி இறைத்த தண்ணீர் நவரைப் பருவ நெல்லுக்குப் போதாமல், கடைமடைப் பயிர் வெளுத்துக்கொண்டிருந்தது. அவரோ பங்கு விலை உச்சத்துக்குப் போகட்டும் என்று காத்திருந்தார்.

உச்சத்தைக் கணிக்க ஒரு முறை வைத்திருந்தார். எங்கள் நாளிதழின் வாரச் சந்தைப் பக்கத்தில் முதலில் பங்கு விலைக் குறியீட்டெண்ணைப் பார்ப்பார். ஏரித் தண்ணீர் மதகில் எந்தப் படி வரை நிற்கிறது என்று பார்க்கும் அதே பார்வை. எண் ஏறியிருந்தால், ஏரி நிரம்பிக் கலங்கல் வழியும்வரை ஏறும் என்பார். இறங்கியிருந்தால், மழைக்கு முன் எந்த ஏரிதான் இறங்காது என்பார். ஆக, எப்படியும் விற்கக்கூடாது. அடுத்தது மணிலா நிலவரம். மணிலா ஏறினால் எண்ணெய் ஏறும், எண்ணெய் ஏறினால் மில் ஏறும். மில்லுக்குக் கொள்முதல் செலவும் ஏறாதா என்று ஒருமுறை கேட்டேன். அவர் இன்னொரு டீ சொன்னார்.

சந்தையில் வியாபாரிகள் என்னை வரி அதிகாரியின் ஆளாகவே கருதினார்கள். விலையைப் பற்றி வாய் திறந்தவர் இவர் ஒருவர்தான்.

"வெலை கெட்டியா கீது தம்பி. இன்னும் ஏறும்னு எழுது."

'மணிலா விலை உறுதி. மேலும் உயரும் என வட்டாரத்தில் எதிர்பார்க்கப்படுகிறது' என்று எழுதி அனுப்புவேன். வட்டாரம் என்பது அவர்தான். அச்சாகி வந்ததும் பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அந்த வரியை விரலால் தட்டிக் காட்டுவார்.

"பாத்தியா, பட்டணத்துக்காரனே சொல்லிட்டான்."

"இது நீங்க சொன்னதுதாண்ணா."

"நான் சொன்னா அது பேச்சு. பேப்பர்ல வந்தா நெலவரம்."

ஒரு சந்தை நாளில் அவர் மனைவியும் கூட வந்தார். கையில் வேரோடு பிடுங்கிய நெற்பயிர். நான் அந்த வார நிலவரம் கேட்டதும், கணவர் வாயெடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"மணிலா படுத்துடிச்சின்னு எழுது தம்பி. இன்னும் எறங்கும்னு ஊரே பேசிக்கினு கீதுன்னு எழுது."

கணவர் சிரித்தார். "மார்க்கெட்டப் பத்தி இவளுக்கு இன்னா தெரியும்?"

"ஒண்ணும் தெரியாதுய்யா. பயிரு காயறது மட்டும் தெரியுது. நீ படிக்கிற அந்த நம்பரக் கொண்டாந்து மடையில வுடு, பாயுதான்னு பாக்கலாம்."

டீக்கடையே சிரித்தது. அன்று சந்தையில் மூட்டைகள் விலை போகாமல் தேங்கிக் கிடந்ததை நானும் பார்த்திருந்தேன். 'மணிலா விலையில் தளர்ச்சி. மேலும் இறங்கும் என வட்டாரத்தில் பேசப்படுகிறது' என்று எழுதினேன்.

அது அச்சாகி வந்த அன்று அவர் திரும்பத் திரும்பப் படித்தார். டீ ஆடை கட்டியது.

"இன்னா தம்பி, படுத்துடிச்சின்னு போட்டிருக்கான்?"

"அன்னிக்கு அக்கா சொன்னாங்களே, நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?"

"அவ சொன்னத வுடுப்பா. பேப்பர்லயே போட்டுட்டான்!"

அன்றே பங்குகளை விற்கச் சொல்லிப் பட்டணத்துத் தரகருக்கு எழுதிவிட்டார். மோட்டார் வந்தது. கடைமடை வரை தண்ணீர் பாய்ந்தது.

அதன் பிறகு குறியீட்டெண் ஏறியது. அந்த மில்லின் பங்கும் ஏறியது. அவர் பத்திரிகையோடு என்னைக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், மோட்டார் சத்தத்தை மீறிக் கத்தினார்.

"அந்த வாரம் யாரப்பா விசாரிச்சி எழுதின? வெவரம் தெரிஞ்ச ஆளாப் பாத்துக் கேக்கறதில்ல?"

வரப்பில் அவர் மனைவி மண்வெட்டியால் மடை திருப்பிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்க்கவில்லை.