வீட்டில் ஒட்டாத நோட்டீஸ்

தொழிற்சங்கத்தில் எல்லோரும் அவரை 'ரிப்பேர்' என்றுதான் கூப்பிடுவார்கள். கம்பெனிகள் கழித்துக்கட்டிய பழைய கணினிகளை வாங்கிவந்து, தூசி தட்டி, லினக்ஸ் என்கிற இலவச இயங்குதளத்தை ஏற்றி, ஒவ்வொரு கிளைக்கும் கொடுத்தவர் அவர். "இதுக்கு முதலாளி கிடையாது தோழரே, தைரியமா தொடுங்க" என்பார்.

அவர் வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. அது பேசும். புற்றுநோய் வந்து மனைவியின் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் தட்டுவாள், மடிக்கணினி பேசும். தகரத்தைச் சுரண்டுகிற குரல். அந்தக் குரலிலேயே புருஷனைக் காய்ச்சி எடுப்பாள். அவர் வளவளக்கும்போது குறுக்கே புக வேண்டுமென்றால் மேஜையில் இரண்டு தட்டு. 'வாயை மூடு, நான் பேசணும்' என்று அர்த்தம். அந்த இரண்டு தட்டுக்கு மேல் அந்த வீட்டில் அப்பீல் கிடையாது.

அந்தக் குரலுக்கு ஒரு ரசிகையும் உண்டு. வெளியூரில் இருந்த மனைவியின் தங்கை. "அக்கா, அந்தத் தகரக் குரல்ல என்னை ஒருவாட்டி திட்டேன்" என்று போனில் நச்சரிப்பாள். இப்போது மருத்துவமனையில் கிடந்தாள். தேறமாட்டாள் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. கண் போய்விட்டது, காது மட்டும் மிச்சம். "நாளைக்கு மத்தியானம் போனை அவ காதுல வைக்கிறேன் அண்ணி. திட்டுங்க. அதைத்தான் கேட்டுக்கிட்டே இருக்கா" என்றார் தங்கையின் புருஷன்.

அதே நாள்தான் புது பூட்லோடர் ஒன்று வந்து தொலைந்தது.

கணினியை ஆன் செய்ததும் முதல் ஆளாக எழுந்து, மற்றதையெல்லாம் தட்டி எழுப்புகிற சின்ன நிரல் அது. புதுசு வந்தால் அதை வட்டில் முறையாகப் பதிக்க ஒரு கட்டளை கொடுக்க வேண்டும். கொடுக்காமல் அணைத்தால் பாதி பழசு, பாதி புதுசு. இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். கறுப்புத் திரை, அதில் ஒற்றை வரி, அவ்வளவுதான். லினக்ஸ்காரர்கள் முன்னாடியே எச்சரித்திருந்தார்கள். ரிப்பேரும் சும்மா இருக்கவில்லை. 'கட்டளை கொடுக்காமல் அணைக்காதே!' என்று கொட்டை எழுத்தில் நோட்டீஸ் அடித்துக் கிளை கிளையாகப் போய் ஒட்டினார். பிறகு அலுவலகத்திலிருந்தபடியே எல்லாக் கணினிகளுக்கும் புதுசை அனுப்பினார்.

வீட்டுக் கணினிக்கும் சேர்த்துத்தான் போனது. தனியாகப் பார்க்கச் சோம்பல்பட்டு, அதையும் எப்போதோ கிளைகளோடு கோத்துவிட்டிருந்தார். கிளைக்குப் போனது வீட்டுக்கும் போகும். நோட்டீஸ் மட்டும் போகவில்லை.

மறுநாள் விடிந்ததிலிருந்து அலுவலகத்தில் கூட்டம். ஆளாளுக்கு எழுந்திருக்காத கணினிப் பெட்டியைத் தோளில் சுமந்து வந்து வரிசையில் நின்றார்கள்.

"நோட்டீஸ் ஒட்டினேனே, கண்ணுல படலையா?"

"பட்டுச்சு தோழரே. ஊர்வல நோட்டீஸ்னு நினைச்சேன்."

"ஒட்டறது உங்க கடமை, படிக்காம இருக்கறது எங்க உரிமை" என்றார் பின்னால் நின்ற லாரி ஓட்டுநர். வரிசையே சிரித்தது. ரிப்பேரும் சிரித்தார். அவருடைய கைபேசி சார்ஜ் இறங்கி எப்போதோ செத்திருந்தது. மேஜைமேல் இருந்த சங்கத்து போன் மட்டும் அலறிக்கொண்டே இருந்தது.

ஒரு தடவை எடுத்தார். எதிர்முனையில் பேச்சில்லை. டொக் டொக் என்று ஏதோ சத்தம்.

"யாருங்க? பேசுங்க."

டொக் டொக்.

"பேசறதுக்கு வாய் இல்லையா? இங்க உயிர் போகுது!" வைத்துவிட்டார். மறுபடி அடித்தது. எடுத்து, வெறும் மூச்சைக் கேட்டு, ரிசீவரைக் கழற்றிப் பக்கத்தில் போட்டார்.

வெயில் சாய்ந்த நேரம். முன்னால் ஒரு மடிக்கணினி வந்து இறங்கியது, துண்டில் சுற்றி. அவர் நிமிரவில்லை.

"எந்தக் கிளை?"

மேஜையில் இரண்டு தட்டு.

ரிப்பேரின் கை அப்படியே நின்றது. நிமிர்ந்தார். வேர்த்து ஊற்றி, தலை கலைந்து, பட்டன் போனைக் கையில் இறுக்கிக்கொண்டு மனைவி நின்றாள். போனுக்குச் சிக்னல் கிடைக்கும் ஜன்னலோரம் மாற்றி வைப்பதற்காக, பேட்டரி செத்த கணினியை ஒரு தடவை அணைத்திருக்கிறாள். அவ்வளவுதான் அவள் செய்த தப்பு. பஸ்ஸில் வந்து, வரிசையின் கடைசியில் நின்று, 'என்னை முதல்ல விடுங்க' என்று கேட்கக்கூட முடியாமல் நகர்ந்து நகர்ந்து வந்திருக்கிறாள்.

"நீயா போன் பண்ணே?"

அவர் கழற்றிப் போட்டிருந்த ரிசீவரை அவள் பார்த்தாள்.

பென் டிரைவைச் செருகினார், கட்டளையைக் கொடுத்தார். ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை. கணினி எழுந்துகொண்டது. அவர் அவள் போனை வாங்கி எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார்.

"சகலை, நான்தான். காதுல வைங்க, அக்கா பேசறா."

அந்தப் பக்கம் உடைந்த குரல். "போயிட்டா சகலை. இப்பத்தான். அண்ணி அனுப்பின மெசேஜை நான் படிச்சுக் காமிச்சேன். 'நீ படிக்காதே, அக்காவே பேசட்டும்'னுட்டா. போனுக்குப் பக்கத்துலயே காதை வச்சுக்கிட்டுக் கிடந்தா."

பெட்டியைச் சுமந்து நின்றவர்கள் சத்தமில்லாமல் தரையில் இறக்கி வைத்தார்கள். அவள் விரல்களை விசைப்பலகைமேல் வைத்தாள். வைத்தபடியே இருந்தாள். அப்புறம் மூடியைச் சாத்தி, துண்டைத் திரும்பச் சுற்றினாள்.

அவள் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்தத் தகரக் குரலில் நாலு வார்த்தை வைதிருந்தால் மனுஷன் தேறியிருப்பார். வீட்டில் அது இப்போதும் பேசுகிறது: உப்பு தீர்ந்தது, பால் வந்தது, கதவைச் சாத்து. திட்டுவதை மட்டும் விட்டுவிட்டது.

சங்கத்து போன் இன்றைக்கும் அடிக்கிறது. தவறி வருவது, விளம்பரத்துக்கு வருவது, லைன் கெட்டு ஊமையாய் வருவது. எதையும் ரிப்பேர் வைப்பதில்லை. காதோடு அழுத்திக்கொண்டு, வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்.

"மெதுவா பேசுங்க. நான் இருக்கேன்."