நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை

சேலம் ஆஸ்பத்திரியில் நர்சு மாணவிகளுக்குப் பாடம் சொல்லும் வேலை கிடைத்தபோது என் மகளுக்கு ஆறு வாரம். வேலை நிரந்தரமில்லை. எங்கள் தலைமை நர்சு வெள்ளைக்கார அம்மாள், துரைசாணி என்போம். என் பாடம் அவருக்குத் திருப்தியானால் ஆசிரியைப் பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்புவார். குழந்தையைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா, தன் கைக்குழந்தையோடு திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து வந்திருந்தார்.

பாலூட்டுவதற்குப் பாடப்புத்தகத்தில் நேரம் குறித்திருந்தது. காலை ஆறு, பத்து, பகல் இரண்டு, மாலை ஆறு, இரவு பத்து. இடையில் அழுதால் தூக்கக் கூடாது. கரும்பலகையில் நானே எழுதியதை வீட்டில் மீறினால் நான் என்ன ஆசிரியை?

“இன்னும் இருவது நிமிசம் இருக்குதுங்க” என்பேன், அழும் குழந்தையைப் பார்த்துக்கொண்டே.

“ஏம் புள்ள, பசி கடியாரத்துக்கா, கொழந்தைக்கா? உங்க துரைசாணியக் கேட்டுட்டா எங்கூட்டு மாடு கன்னுக்கு ஊட்டுது?” என்பார் அக்கா.

எனக்குச் சிரிப்பு வராது. ரவிக்கை நனைந்திருக்கும். கடிகார முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

மூன்றாம் மாதம் மகள் அழுவதை நிறுத்தினாள். பழக்கம் வந்துவிட்டது என்று நினைத்தேன். பெருமையாகக்கூட இருந்தது. வகுப்புக்குத் தூக்கிப்போய்க் காட்டினேன்.

“எங்கூட்டுதுங்க ஊரையே கூட்டுமுங்க டீச்சர். இது பொம்மையாட்டம் கெடக்குதுங்களே!” என்றாள் ஒரு மாணவி.

வகுப்பைப் பார்க்க வந்திருந்த துரைசாணியும் மெச்சித் தலையசைத்தார். பிறகு, எடை பார்க்கும் முறையைக் காட்டுவதற்காகக் குழந்தையைத் தராசில் கிடத்தினேன். போன மாதத்தைவிடக் குறைந்திருந்தது. தராசு பழுது என்று எல்லார் எதிரிலும் சொன்னேன். பிரசவ வார்டுத் தராசை வரவழைத்தேன். அதுவும் அதையே காட்டியது. அழத் தெம்பில்லாமல்தான் கிடந்திருக்கிறாள்.

அதற்குள் எனக்குப் பால் வற்றிவிட்டது; சென்னைப் பயிற்சிக்கு உத்தரவும் வந்துவிட்டது. அக்கா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. தன் குழந்தையை மார்பின் ஒரு பக்கமும் என் மகளை மறுபக்கமும் போட்டுக்கொண்டார்.

“நான் ஊருக்குக் கூட்டிட்டுப் போறேன். நீ மெட்ராசுக்குப் போயிட்டு வா சாமி. இவ பொழச்சுக்குவா.”

நான் போனேன். அடிக்கடி கொடுத்துப் பார்த்திருந்தால் பால் திரும்பியிருக்குமோ? பயிற்சியை மறுத்திருந்தால்? இன்றும் தெரியவில்லை.

பிழைத்துக்கொண்டாள். இப்போது மூன்று வயது. நான் ஊருக்குப் போனால் வாசலுக்கு ஓடி வருகிறாள். “வாங்க” என்று சொல்லி, தளும்பத் தளும்பச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள், விருந்தாளிக்குத் தருவதுபோல. கொடுத்த கையோடு அக்காவின் மடிக்கு ஓடிவிடுகிறாள். நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டுத் தண்ணீரைக் குடிக்கிறேன்.

புத்தகம் இன்னும் மாறவில்லை. சென்ற வாரம் மாதிரித் தேர்வுத் தாள்களைத் திருத்தினேன். குழந்தைக்கு எப்போது பாலூட்ட வேண்டும் என்பது கேள்வி. ஒருத்தி மட்டும், ‘அது அழும்போது’ என்று எழுதியிருந்தாள். பெரிய தேர்வில் இப்படி எழுதினால் அவளுக்கு மார்க் போய்விடும். சிவப்பு மசியால் அடித்து, பக்கத்தில் சரியான விடையை எழுதினேன். அடுத்த தாளை எடுக்கக் கை வரவில்லை.