எதில் கலந்து கொடுப்பது?

போன வாரம் தாயில்பட்டியில் ஒரு கல்யாணம். முகூர்த்தத்துக்கு நேரம் இருந்ததால், காலையிலேயே செல்வராணி மதினி வீட்டுக்கு ஒரு நடை போனேன். வாசலில் நின்று கூப்பிடும்போதே மனசுக்கு ஏதோ சரியாகப் படவில்லை.

தொழுவம் காலி!

மதினி, என் பெரியம்மா மகனின் மனைவி. அண்ணன் பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்டார். அதன்பிறகு, "பட்டினி கிடந்தாலும் அந்த கேட்டுக்குள்ள கால வைக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு, ஒரு பசுவை வாங்கிக் கட்டினார் மதினி. பால் ஊற்றிப் பிழைப்பு ஓடியது. பசு ஒரு கிடேரிக் கன்றும் போட்டது.

போன வருஷம் ஒரு கம்பெனியிலிருந்து தினேஷ் என்ற இளைஞர் வந்தார். கையில் கடல்பாசிப் பவுடர். மாடு விடுகிற ஏப்பத்தில் மீத்தேன் என்றொரு வாயு இருக்கிறது, அது பூமியைச் சூடாக்குகிறது, இதைத் தீவனத்தில் கலந்து கொடுத்தால் வாயு குறையும், கன்றும் நன்றாக வளரும் — என்று விளக்கினார். சோதனை முயற்சி, அதனால் இலவசம்.

அன்று நானும் அங்கே இருந்தேன். மதினி சிரித்த சிரிப்பு இருக்கிறதே...

"ஏன் தம்பி, மாடு ஏப்பம் விட்டா உலகம் சூடாகுதா? அப்ப இங்கன அம்புட்டு வெடி செய்றாகளே, அதுக்கு என்ன பவுடர் வச்சிருக்கீக?"

தினேஷும் சிரித்துவிட்டார்.

ஆனால் பவுடர் வேலை செய்தது. கன்று மளமளவென்று வளர்ந்தது. தோலில் அப்படியொரு மினுமினுப்பு. "கண்ணு பட்டுரும், உத்துப் பாக்காதீக" என்று என்னையே விரட்டுவார் மதினி.

பிறகு மழை பொய்த்தது. சோளம் கருகியது. மாட்டுக்குப் போடும் சோளத்தட்டைக்கு வழியில்லை. வெளியூரிலிருந்து வந்த வைக்கோல் லோடோ, மதினி கிட்டே நெருங்க முடியாத விலை.

அப்போதும் தினேஷ் வழக்கம்போல் பவுடரோடு வந்திருக்கிறார். "நிறுத்தாம குடுங்கக்கா. பாதியில விட்டா எல்லாம் வீணாயிரும்."

"எதுல கலந்து குடுக்க, தம்பி?"

அங்கேயே நின்று ஆபீசுக்கு போன் போட்டாராம். பவுடர் மட்டும்தான் திட்டத்தில் இருக்கிறதாம், தீவனம் இல்லையாம். மதினி முகத்தைப் பார்க்காமலே பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வேறு வழியில்லாமல் மதினி பசுவையும் கன்றையும் சந்தைக்கு ஓட்டிப் போனால், அங்கேயும் எல்லோரும் விற்கத்தான் நின்றார்கள். வளர்க்க வாங்குவார் யார்? அடிமாட்டு லாரிதான் வந்தது.

"வத்தல் மாட்டையெல்லாம் ஒதுக்கிட்டாக, கொழுந்தனாரே. எங்க கன்னுக்குட்டியத்தான் மொதல்ல ஏத்துனாக. நல்லா சதை பிடிச்சிருக்காம்ல..."

தாய்ப்பசுவும் அதே லாரியில்தான் போயிருக்கிறது.

தெருவில் வேன் ஹாரன் கேட்டது. ஆலைக்கு ஆள் ஏற்றுகிற வேன். மதினி கண்ணைத் துடைத்துக்கொண்டு டிபன் பாக்ஸை எடுத்தார். அந்த கேட்டுக்குள்ளேயே மதினி வேலைக்குப் போகிறார் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"பயப்படாதீக. பேக்கிங்தான் குடுத்திருக்காக. நீங்க கல்யாணத்துல இருந்து சாப்பிட்டுப் போங்க."

எங்கே சாப்பிட? தினேஷுக்கு போன் செய்தேன். அவருக்கும் விஷயம் தெரிந்திருந்தது.

"ரிசல்ட் ரொம்ப நல்லா வந்திருக்கு சார்," என்றார். "அக்காகிட்டத்தான் சொல்ல முடியல."

உலகத்தைக் காப்பாற்றக் கிளம்புகிறவர்களே... வரும்போது ஒரு கட்டு வைக்கோலும் எடுத்து வாருங்கள்!