ஆயர் சொல்ல வேண்டிய பகுதி

எருமப்பட்டிப் பக்கத்து லுத்தரன் சபை ஒன்றில் அப்பா முப்பத்தொரு வருஷம் உபதேசியாராக இருந்தார். உபதேசியார் மணி அடிக்கலாம், ஜெபம் சொல்லலாம், பிரசங்கம் பண்ணலாம், செத்தவரை அடக்கம்கூடப் பண்ணலாம். திருவிருந்தை மட்டும் தொடக்கூடாது. அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்க, குருப்பட்டம் பெற்ற ஆயர் மாதம் ஒருமுறை பைக்கில் வருவார். அவர் வராத மாதம் சபைக்குத் திருவிருந்து கிடையாது.

அந்தக் கோட்டை அப்பா தாண்டியதே இல்லை. ஒருமுறை, நெஞ்சுவலியில் கிடந்த கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கெஞ்சிக் கேட்டும், ஆயர் வரட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் வரும்வரை கட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு அன்றைக்கே எரிச்சலாக இருந்தது.

போன வருஷம் அப்பாவே அப்படிக் கிடந்தார். இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று நாமக்கல் ஆஸ்பத்திரியில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் கேட்டது திருவிருந்து ஒன்றைத்தான். ஆயருக்குப் போன் போட்டேன். அவர் மூன்று பஸ் மாறிப் போக வேண்டிய பேராலயத்தில் இருந்தார். அங்கே ஆயர்களுக்கெல்லாம் மேலான பேராயர் பதவிக்குத் தேர்தல். எங்கள் வட்டாரத்து ஆயர்கள் ஒருவர் விடாமல் அங்கேதான். ஓட்டுப் போடாமல் கிளம்பினால் எந்த அணி ஆள் என்று சந்தேகம் வந்துவிடுமாம். அடுத்த மாற்றலில் எங்கே தூக்கி அடிப்பார்களோ என்று அவருக்குப் பயம்.

"எலெக்சன் முடிஞ்சதும் வாரேனுங்க" என்றார்.

மறுநாள் காலையில், இப்போதைய உபதேசியார் வந்து கதவைச் சாத்தினார். தானே கொடுத்துவிடுவதாகவும் வெளியே யாருக்கும் தெரியாது என்றும் சொன்னார். அம்மா திராட்சை ரசத்தை டம்ளரில் ஊற்றியே வைத்துவிட்டாள். அப்பா தலையை ஆட்டினார்.

"அது மொறையில்ல சாமி."

அம்மா அழுதாள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. அவர்கள் அங்கே நாற்காலிக்கு அடித்துக்கொள்கிறார்கள், நீங்கள் யாருக்காக முறை பார்க்கிறீர்கள் என்று, சாகக் கிடந்தவரிடம் கத்தினேன்.

பத்து மணி வாக்கில் அப்பா தானாகவே திருவிருந்து ஆராதனையை ஆரம்பித்தார். ஆயர் சொல்ல வேண்டிய இடம் வந்தால் பேசாமல் காத்திருப்பார். கொஞ்ச நேரம் விட்டு, சபையார் சொல்லும் பதிலை மட்டும் சொல்வார். மறுபடியும் காத்திருப்பார். அப்படிக் காத்திருந்த நேரமெல்லாம் என்னைத்தான் பார்த்தார். ஆயரின் பகுதி எனக்கு ஒரு எழுத்து விடாமல் மனப்பாடம் என்பது அவருக்குத் தெரியும். சின்ன வயதிலிருந்து முன்வரிசையில் உட்கார்ந்து கேட்டவன் நான். அப்பத்தைத் தொட வேண்டாம், வார்த்தையை மட்டுமாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. முறை பேசினீர்களே, இப்போது முறைப்படியே காத்திருங்கள் என்று ஒரு வீம்பு. பாதியில் அவர் குரல் நின்றுபோனது. மத்தியானம் உயிர் போய்விட்டது.

சாயங்காலம் ஆயர் கூப்பிட்டார். போனில் பட்டாசுச் சத்தம் கேட்டது.

"நம்ம ஐயாவே ஜெயிச்சுட்டாருங்க. நாளைக்கு மொத வேலையா வந்து அப்பாவுக்குக் குடுத்தர்றேனுங்க."

"அடக்கத்துக்கு வாங்க" என்றேன்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று வாய் வரை வந்தது. அவராவது தூரத்தில் இருந்தார். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டேன்.