சட்டையைக் கழற்றிய தபாலதிபர்

காலைத் தேநீரை ஊதிக்கொண்டிருந்தபோது வதனி தொலைபேசியில் அழைத்தாள். "சித்தப்பா, அப்பா போயிட்டார்" என்றாள். அழவில்லை. நான்தான் தடுமாறிப்போய் "எங்க?" என்று கேட்டுவிட்டேன். வாழ்நாள் முழுவதும் வீடு, தபால் கந்தோர், பாலம் என்ற மூன்று இடங்களைத் தவிர வேறெங்கும் போகாத மனிதரைப் பற்றி அப்படிக் கேட்டவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பிறகுதான் எனக்கு விளங்கியது. தேநீர் ஆறிப்போய்விட்டது.

வதனியின் அப்பா நல்லரெத்தினம் அண்ணன் எனக்குச் சகலன். அக்கா கமலாவை அவர் கலியாணம் முடித்தார், தங்கை மலரை நான் முடித்தேன். எங்கள் பகுதியில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேரவேண்டும். பழுகாமத்துக்கு அப்பால் மாமியின் வளவில் இரண்டு வீடுகள். முன்வீட்டில் அவர், பின்வீட்டில் நான். அவர் எங்கள் ஊர்த் தபாலதிபர். அவரிடம் முத்திரை வாங்கிய உங்களில் பலருக்கு அவருடைய வெள்ளைச் சட்டைதான் முதலில் நினைவுக்கு வரும். மடிப்புக் கலையாத சட்டை. கழுத்துப் பொத்தான் வரை பூட்டியிருப்பார். சித்திரை வெயிலில் நாங்களெல்லாம் வெந்துகொண்டிருக்கும்போதும் அந்தப் பொத்தான் கழன்றதில்லை.

வீட்டிலும் அதே கதைதான். மாமி மருமகன்மாருக்கு முன்னால் வரமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "கமலா, அவரைச் சாப்பிட வரச்சொல்லு" என்பார். "அவர்" ஒரு முழம் தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். மருமகனும் மேற்சட்டை இல்லாமல் மாமியின் கண்ணில் படக்கூடாது. நான் வெக்கை தாங்காமல் இந்த விஷயத்தில் அடிக்கடி வழுக்கி விழுகிறவன். அண்ணனோ கிணற்றடிக்குச் சட்டையோடு போய், குளித்துவிட்டு, சட்டையோடு திரும்பி வருவார். "மூத்தவரைப் பாருகா" என்று மாமி மலரிடம் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கவேண்டும் என்றே விடப்படும். அந்தச் சட்டைமேல் எனக்கிருந்த எரிச்சலை இப்போது சொன்னால் பாவமில்லை.

சண்டைக் காலம் அது. பட்டிருப்புப் பாலத்துக்கு இந்தப் பக்கம், படுவான்கரையில், ஒரு ஆட்சி. அந்தப் பக்கம், எழுவான்கரையில், வேறொரு ஆட்சி. மருந்து, மண்ணெண்ணெய், சவர்க்காரம் எல்லாமே பாலத்துச் சோதனைச் சாவடியில் நின்று தப்பித்தான் எங்களிடம் வந்து சேரவேண்டும். தபால் பையும் அப்படித்தான். வெளிநாடு போன மகனின் கடிதத்துக்காகத் தாய்மார் கந்தோர் வாசலில் காத்து நிற்பார்கள். அவர்களுக்கு அண்ணனிடம் ஒரே பதில்தான் இருந்தது: "பிந்தும். வராமல் விடாது." ஆறுதலாகச் சொல்வதாக அவர் நினைத்ததில்லை. தபால் சேவையின் விதியைச் சொல்வதாகத்தான் நினைத்தார்.

ஆனால் அவருடைய மகள் பிந்தவில்லை. முந்தி வந்துவிட்டாள். கலியாணமாகி நெடுங்காலம் காத்திருந்து தரித்த பிள்ளை. ஏழாம் மாதம் நடந்துகொண்டிருக்கும்போது அக்காவுக்குக் கைகால் வீங்கி, தலையிடி வந்து, வலிப்பும் வந்துவிட்டது. வாடகை வான் ஒன்றில் ஏற்றிப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். தாயைக் காப்பாற்றுவதற்காகப் பிள்ளையை எடுத்தார்கள். எடுத்த பிள்ளையைப் பார்த்தபோது, இது பிள்ளையாக இருக்க முடியாது என்றுதான் எனக்குத் தோன்றியது. அணில் குஞ்சு மாதிரி இருந்தது. தோலுக்கு அடியில் நரம்பு ஓடுவது தெரிந்தது. ஒரு கொத்து அரிசியின், ஒரு கிலோவின், பாரம்கூட இராது. அழுகை என்று ஒன்று வரவேயில்லை. காற்றுப் போகிற சத்தம் மட்டும்தான்.

சூடு கொடுக்கிற கண்ணாடிப் பெட்டி அங்கே இருந்தது. மின்சாரம்தான் வருவதும் போவதுமாக இருந்தது. ஒரு மாலையில் அது போய், திரும்பி வராமலே இருந்தது. டொக்டர் அம்மா பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அக்கா இன்னும் கண் திறக்கவில்லை. விறாந்தையில் நாங்கள் மூன்று பேர் நின்றோம். அண்ணன், நான், தூணுக்குப் பின்னால் மாமி.

"தகப்பன் ஆர்? சட்டையைக் கழட்டுங்க" என்றார் டொக்டர். "இவவுக்குத் தானாச் சூடு பிடிக்கத் தெரியாது. இனி நீங்கதான் பெட்டி. நெஞ்சோட நெஞ்சா வைச்சிருங்க. மூச்சுவிட மறந்தாலும் உங்கட மூச்சு ஞாபகப்படுத்தும்."

அண்ணன் ஒரு தடவை தூண் பக்கம் பார்த்தார். பிறகு கழுத்துப் பொத்தானிலிருந்து தொடங்கிக் கழற்றினார். அந்த மனிதரின் நெஞ்சை அன்றைக்குத்தான் நானே முதன்முதல் பார்த்தேன். பிள்ளையை அதில் வைத்தார்கள். கட்டி வைக்கத் துணி வேண்டும் என்றார் தாதி. மாமி தூணுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தார். பையிலிருந்த தன்னுடைய பழைய நூல் சேலையை நடுவால் கிழித்தார். நேரே மருமகனுக்கு முன்னால் போய் நின்றார்.

"கையத் தூக்குங்க மனே" என்றார்.

பெற்ற பிள்ளையைக் கூப்பிடும் சொல் அது. அவர் கையைத் தூக்கினார். மாமி பிள்ளையையும் அவரையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினார். முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். அன்றிலிருந்து மாமி கதவுக்குப் பின்னால் திரும்பிப் போகவேயில்லை.

அக்கா கண் விழித்தபிறகு வீட்டுக்கு வந்தோம். ஆனால் அக்காவுக்கு உட்காரவே உடம்பில் தெம்பில்லை. எனவே இரவில் அக்காவின் நெஞ்சில், பகலில் அண்ணனின் நெஞ்சில் என்று பிள்ளை வளர்ந்தது. பகலில் கந்தோரைத் திறக்கவும் வேண்டும். திறந்தார், பிள்ளையோடு. சேலைக் கட்டுக்கு மேலே சட்டையைப் போட்டு, பொத்தான் பூட்டாமல், மடியில் தபால் பையை வைத்துக்கொண்டு கடிதம் பிரித்தார். பால் நேரத்துக்கு மலர் ஒரு கிண்ணத்தில் அக்காவின் பாலைக் கொண்டுபோவாள். அதைக் கரண்டி நுனியால் துளித்துளியாக அவரே பருக்குவார். வதனிக்குத் தொப்பி என்னுடைய பழைய சிவப்புக் கால்மேசின் நுனி. வெட்டித் தைத்தது மலர். அந்தக் குடும்பத்துக்கு என் மிகப்பெரிய தொண்டு அந்த மேசுதான்.

பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போகாமல் இருந்தால் எங்கள் ஊரில் அது பகை. அண்ணனோ ஒருவரையும் வளவுக்குள் விடவில்லை. கைப்பிள்ளையோடு வந்தவர்கள், பலகாரத்தோடு வந்தவர்கள் எல்லோரையும் படலையோடு திருப்பி அனுப்பினார். "பெரிய ஆள்ர புள்ள, பாக்கப்படாதாம்" என்று ஊர் முணுமுணுத்தது. ஆனால் கந்தோர் அரசாங்கத்தினுடையது. அங்கே வரவேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. சனம் அதைக் கண்டுபிடித்துக்கொண்டது. வாழ்நாளில் ஒரு கடிதமும் எழுதாத எங்கள் ஒழுங்கையில் குடியிருக்கும் வள்ளியம்மை வந்து, கம்பி வலைக்கு வெளியே நின்று ஒரு முத்திரை கேட்டார்.

"கடிதம் எங்க?" என்றார் அண்ணன்.

"அது மறுகா எழுதுவன். முதல்ல புள்ளயக் காட்டுங்க."

அண்ணன் முத்திரையைக் கிழித்துக் கொடுத்தார். பிறகு முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கொஞ்சம் பக்கவாட்டில் திரும்பி, சிவப்புத் தொப்பியைக் காட்டினார். அதற்குப் பிறகு கந்தோருக்கு வந்த கூட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். யாராவது இருமினால் தொலைந்தார்கள். "வெளிய! முத்திரை இல்ல!" என்று அதட்டுவார். இருமல் நின்ற பிறகு வந்து முத்திரை வாங்கியவர்களில் நம் ஊர்ப் பெரியவர்கள் பலர் உண்டு. பேர் சொன்னால் கோபிப்பார்கள்.

மாரி மழை பிடித்துக்கொண்ட நாள் ஒன்றில் கிளினிக்குக்குப் போகவேண்டியிருந்தது. பாலத்தில் வாகனம் விடவில்லை. நடந்துதான் தாண்டவேண்டும். வாவிப் பக்கமிருந்து வாடைக்காற்று மழையைச் சரிவாக அடித்தது. என் குடை பேருக்குத்தான் குடை. பிள்ளை நனைந்துவிடும் என்று அண்ணன் சட்டையை இழுத்து, கட்டுக்கு மேலாகக் கழுத்துவரை பொத்தானைப் பூட்டிவிட்டார். வழக்கமாக நிற்கிற ஆமிக்காரன் அன்றைக்குச் சாவடியில் இல்லை. புதியவன் ஒருவன் நின்றான். முழுச்சட்டை போட்ட ஒரு மெலிந்த மனிதர், நெஞ்சில் மட்டும் ஒரு புடைப்பு. அந்தக் காலத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

அவன் துப்பாக்கியை நீட்டிச் சிங்களத்தில் கத்தினான். கையைத் தூக்கச் சொல்கிறான் என்பது மொழி தெரியாதவனுக்கும் விளங்கும். நான் குடையோடு சேர்த்துத் தூக்கினேன். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் ஓடிவிட்டார்கள். அண்ணன் தூக்கவில்லை. இரண்டு கைகளையும் புடைப்புக்குக் கீழே கொடுத்தபடி அப்படியே நின்றார்.

"அண்ணன், கையத் தூக்குங்க. சுட்டுப்போடுவான்."

"கட்டு நனைஞ்சு இளகிட்டு, தம்பி. தூக்கினா இவள் விழுவாள்" என்றார். என் பக்கம் திரும்பவில்லை. கந்தோரில் அடுத்த ஆளைக் கூப்பிடும்போது எந்தக் குரலோ அந்தக் குரல். "குடையை வைச்சிட்டு வந்து என்ட பொத்தானைக் கழட்டு. மேல இருந்து. மெல்ல, ஆறுதலா."

இரண்டு எட்டுத்தான் இருக்கும். என் கால்கள் அந்த இரண்டு எட்டை எப்படி வைத்தன என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவன் இன்னும் உரக்கக் கத்தினான். கழுத்துப் பொத்தான் ஈரத்தில் ஊறி, துளையைவிட்டு வர மறுத்தது. அண்ணனின் கண் என் கண்ணுக்கு நேரே இருந்தது. "அவசரமில்ல. ஆறுதலா" என்றார் மறுபடி. முதலாவது வந்தது. இரண்டாவது வந்தது. மூன்றாவதைக் கழற்றிச் சட்டையை விலக்கினேன். சிவப்பு மேசுத் தொப்பி தெரிந்தது. அதற்குள் வதனி நித்திரை.

அவன் துப்பாக்கியைத் தாழ்த்தினான். கிட்ட வந்து பார்த்தான். அவனுக்கும் முகத்தில் மீசை சரியாக அரும்பவில்லை. "பபா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. போ என்று தலையை ஆட்டினான்.

பாலம் தாண்டியதும் மதகடியில் கொஞ்சம் நின்றோம். சட்டையைப் பூட்டிவிடட்டுமா என்று நான் கேட்டதற்கு அண்ணன் தலையை ஆட்டினார். "இனிச் சட்டை வேணாம்." சொன்னது போலவே செய்தார். கட்டு அவிழும் காலம் வரைக்கும், மழையோ வெயிலோ, மேலில் சேலைக் கட்டும் பிள்ளையும் மட்டுமாக, ஒரு அரசாங்க உத்தியோகத்தர் பாலத்தைத் தாண்டிப் பட்டணத்துத் தெருவில் நடந்தார். கண்டவர்கள் சிரித்தார்கள். அவர் கவனிக்கவில்லை. கொஞ்ச நாளில் சாவடியில் நிற்பவர்கள் தூரத்திலேயே கண்டு, "பபா ஹொந்தத?" என்று குழந்தையின் சுகம் கேட்கத் தொடங்கினார்கள். "ஹொந்தாய்" என்று தபால் கந்தோர்ச் சிங்களத்தில் பதில் சொல்லிவிட்டு நிற்காமல் நடப்பார். என்னைவிட மூத்த ஒருவரை அண்ணன் என்று கூப்பிடுவது வெறும் முறை என்று இருந்தவன் நான். அந்தப் பாலத்துக்குப் பிறகு அது முறைக்காக வரவில்லை.

பிள்ளை பிழைத்தது. ஆனால் எல்லாமே பிந்தியது. தலை நிற்கப் பிந்தியது, பல் முளைக்கப் பிந்தியது, பேச்சுப் பிந்தியது. "இன்னும் எழும்பி இருக்கலியா? இன்னும் தவழலியா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அதே பழைய பதில்தான்: "பிந்தும். வராமல் விடாது." ஒருநாள், ஒரேயொரு நாள்தான், அதுவும் கிணற்றடியில் என்னிடம் மட்டும், அவர் வாய் தடுமாறியது. என் மகன் வதனிக்குப் பிறகு பிறந்தவன். அவன் வளவெல்லாம் ஓடித் திரிந்தான். வதனி பாயிலேயே ஊர்ந்துகொண்டிருந்தாள். அதைப் பார்த்தபடி, "தம்பி, வராமல் விட்டா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "என்ன அண்ணன் நீங்க, தபாலதிபரா இருந்துகொண்டு" என்றேன். அவர் வாளியை எடுத்துத் தலையில் தண்ணீர் வார்த்துக்கொண்டார்.

வதனி நடந்தாள். கந்தோருக்குள், கதிரைக் காலைப் பிடித்து எழுந்து, தகப்பனின் முழங்காலை நோக்கி நடந்தாள். அன்றைக்கு அண்ணன் கந்தோரை நேரத்தோடு பூட்டினார். அவர் உத்தியோகத்தில் செய்த ஒரே ஒழுங்கீனம் அதுதான் என்று நினைக்கிறேன். தடித்த கண்ணாடியோடு அவள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்தாள். இப்போது தேற்றாத்தீவில் படிப்பிக்கிறாள். அண்ணன் கட்டு அவிழ்ந்த மறுநாளே பழையபடி கழுத்துப் பொத்தானுக்குத் திரும்பிவிட்டார். கடைசிவரை அப்படியே இருந்தார்.

அவரைக் குளிப்பாட்டி உடுத்தும் வேலையில் நானும் நின்றேன். வதனியே தேய்த்த வெள்ளைச் சட்டை. கீழேயிருந்து பொத்தான்களைப் பூட்டிக்கொண்டு வந்தேன். நெஞ்சுக்கு வந்தபோது வதனி என் கையைப் பிடித்தாள்.

"மேல கிடக்கட்டும் சித்தப்பா."

சட்டைக்குள் உள்ளங்கையை வைத்தாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை. "குளிருது" என்றாள். பிறகு, "பாலத்தில நீங்கதானே கழட்டின. அண்டைக்கு இதுக்குள்ள எப்பிடி இரிந்திச்சு?" என்று கேட்டாள். பாலத்துக் கதையை அவள் சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டு அலுத்தவள். இதை மட்டும் ஒருபோதும் கேட்டதில்லை.

"நல்ல சூடு புள்ள" என்றேன். "அவ்வளவு மழைக்குள்ளயும் நல்ல சூடு."

அப்போதுதான் அவள் அழுதாள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது அந்தச் சூட்டைத்தான். மூன்றாவது பொத்தான் கழன்றபோது, என் விறைத்த விரல்களில் பட்ட, அவருடையதா பிள்ளையுடையதா என்று பிரித்துச் சொல்ல முடியாத சூடு. அந்தச் சேலைக் கட்டுக் காலம் தவிர, கழுத்துவரை பூட்டாமல் ஒருநாளும் வெளியே போகாத மனிதரை, மேல் பொத்தான் மூன்றையும் பூட்டாமலே அனுப்பிவைத்தோம்.