ஐயாவைவிடப் பெரிய எழுத்து

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகக் காலை பஸ் கேட்டு, பதுளை அலுவலகமொன்றுக்கு ஆங்கிலத்தில் கடிதம் தட்டிக்கொண்டிருந்தேன். ‘டியர் சேர்’ என்றதும் முதலெழுத்துகளை போன் தானாகவே பெரிதாக்கியது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். தெமோதரைப் பக்கத்தில், வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் தண்ணீர்க் குழாய் உடைந்து போயிருந்தது. கொழுந்து பறித்துக் களைத்து வந்த அம்மா, குடத்தோடு மலையேறி இறங்குவாள். தோட்டத்து நிர்வாகியான துரைக்கு மனு எழுத என்னை உட்கார வைத்தார்கள்.

“கண்கண்ட தெய்வமேன்னு ஆரம்பி,” என்றார் பக்கத்து வீட்டு மாமா.

“தெய்வம்னா சூடம் காட்டிட்டு வந்துறலாம்ண்ணே. பைப்பு போட மனுசன்தான் வேணும்,” என்றாள் அம்மா. “ஐயான்னு போடுடி.”

ஆங்கில வகுப்பில் பெரிய எழுத்து படித்திருந்த உற்சாகத்தில், ‘ஐ’யைப் பூசணிக்காய் அளவுக்கு வரைந்தேன்.

“அவர ஏன்டி இம்புட்டு பெருசாக்குற? தண்ணிய பெருசா எழுது!” என்றாள் அம்மா.

அழித்து, அம்மா சொன்னபடியே எழுதினேன். மறுவாரம் துரையே அந்தத் தாளோடு லயத்துக்கு வந்தார். “இந்தப் பெரிய ‘தண்ணீர்’ யார் எழுதினது?” என்று சிரித்தார். மாதம் முடிவதற்குள் குழாய் வந்துவிட்டது.

‘டியர் சேர்’ போன் போட்டபடியே இருக்கட்டும் என்று விட்டேன். ‘பஸ்’ஸின் மூன்று ஆங்கில எழுத்தையும் பெரிதாக்கி அனுப்பினேன்.